கோழி சாசேஜுக்கு மாட்டுத்தோல் உறை: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: நாங்கள் பினாங்கு, ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். வீட்டில் கோழி, மீன் உண்டு, மாடு தொடமாட்டோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப, பேரங்காடியில் கோழி சாசேஜ் இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஹலால் முத்திரை இருந்தது, முன்பக்கம் முழுக் கோழியின் படம். இரண்டாவது பொட்டலத்தில் நான்கு மிச்சமிருக்கும்போதுதான் மகன் பின்பக்கத்தைப் படித்தான்: கோழி இறைச்சி, தண்ணீர், மாவுச்சத்து, சோயா புரதம், கடைசியில் ‘கொலாஜன் உறை’. தயாரிப்பாளருக்குப் போன் போட்டால், மாட்டுத் தோலிலிருந்து எடுத்தது என்கிறார்கள். கடையிலோ, ‘பிரித்த பொட்டலத்துக்குப் பணம் திருப்பித் தரமாட்டோம், கம்பெனியைக் கேளுங்கள்’ என்றுவிட்டார்கள். பாதி மாவையும் தண்ணீரையும் அடைத்துவிட்டு அதைக் கோழி என்று விற்கலாமா? மாமியார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மிச்சத்தை உடனே தூக்கிப்போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த நான்கு சாசேஜையும் பொட்டலத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாமியாரைச் சமாதானப்படுத்தும் வழியைப் பிறகு சொல்கிறேன்.

ஹலால் முத்திரையைப் பற்றி நம் வீடுகளில் ஒரு குழப்பம் நெடுநாளாக இருக்கிறது. முறைப்படி அறுத்த மாடு ஹலால், அதன் தோலும் ஹலால். பன்றி இல்லை என்று நம்பத்தான் அந்த முத்திரை உதவும். மாட்டு ஜெலட்டின் போட்ட மிட்டாயும் அதே முத்திரையோடுதான் வருகிறது. ஆகவே ஹலால் சான்றிதழ் கொடுக்கும் அரசுத் துறையான ஜாக்கிமிடம் போய்ப் பயனில்லை.

உங்களுக்குக் கைகொடுப்பது 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் 11ஆவது விதி. ஓர் உணவில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருளோ இருந்தால், அது இருக்கிறது என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். பன்றிக்குப் பக்கத்திலேயே மாட்டையும் வைத்துத்தான் அந்த விதியை எழுதியிருக்கிறார்கள். அது உங்களைப் போன்றவர்களுக்கும் சேர்த்துப் போட்ட விதி என்றே நான் படிக்கிறேன். மாட்டுத் தோலிலிருந்து எடுத்ததை வெறும் ‘கொலாஜன்’ என்று போட்டுவிட்டு நழுவ முடியாது. ‘உறைதானே, உணவில்லையே’ என்று கம்பெனி வக்கீல் சொல்லிப் பார்க்கலாம். உரித்தெறிகிற பிளாஸ்டிக் உறை என்றால் அவர் சொல்வது சரி. இந்த உறை உங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

ஆனால் போனில் சொன்னது சான்றாக நிற்காது. நாளைக்கு வேறொருவர் எடுத்து, ‘நாங்கள் அப்படிச் சொல்லவில்லை’ என்பார். இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தத் தயாரிப்பு, இந்த பேட்ச் எண், உறையிலுள்ள கொலாஜன் எந்த விலங்கினுடையது? ஒரே கேள்வி போதும். கோபத்தை அதில் எழுதாதீர்கள். எழுதினால் பதில் அவர்களுடைய வக்கீலிடமிருந்துதான் வரும்.

மாவும் தண்ணீரும் விஷயத்தில் உங்கள் பக்கம் அவ்வளவு வலுவில்லை. லேபிளில் மூலப்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. உங்கள் பொட்டலத்தில் கோழிதான் முதலில் நிற்கிறது. தண்ணீரைச் சேர்ப்பதோ, அது வடியாமல் பிடித்துவைக்க பாஸ்பேட் போடுவதோ, சோயா புரதத்தால் கனம் கூட்டுவதோ, விதிகளின் வரம்புக்குள் செய்து லேபிளில் சொல்லிவிட்டால் குற்றமில்லை. மலாய் லேபிளில் ‘கஞ்ஜி’ என்று போட்டிருப்பார்களே, அது நம் கஞ்சிதான். கடல் தாண்டி வந்து மாவுச்சத்தாகிவிட்டது. முன்பக்கத்து முழுக் கோழிப் படத்தை மட்டும் வைத்து, ஏமாற்று விளம்பரம் என்று நான் வாதாடத் துணியமாட்டேன். இறைச்சி அளவு உண்மையிலேயே விதி கேட்பதைவிடக் குறைந்திருந்தால் கதை வேறு. ஆனால் அதைச் சொல்லப் பரிசோதனைக்கூடம் வேண்டும்.

கடைக்காரர் சொன்னது தவறு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் சொன்னபடி இருக்கும் என்ற உத்தரவாதம் விற்றவரையும் கட்டும். ‘கம்பெனியைக் கேள்’ என்று கைகழுவ முடியாது. ‘பிரித்ததைத் திரும்ப எடுக்கமாட்டோம்’ என்று சுவரில் அட்டை மாட்டியிருந்தாலும் அது சட்டத்துக்கு மேலாகிவிடாது. தின்று தீர்த்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாதுதான், நஷ்டஈடு கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டி முதலாம் பாரத்தை நிரப்பினால் போதும்; கடையையும் தயாரிப்பாளரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடுங்கள். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே பொதுவாக வக்கீல்கள் வாதாட முடியாது, ஆகவே எனக்கு இதில் வேலையில்லை. உங்களுக்கு அது நல்லதுதான்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். வாங்கிய விலை, போய்வந்த செலவு, அதற்கு மேல் கொஞ்சம். மாமியாரின் மனவேதனைக்குப் பெரிய தொகை வரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். யாருக்காவது உடம்புக்கு வந்திருந்தால் அந்தக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் எடுபடாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றுமில்லை.

பணத்தைவிடக் கம்பெனிக்கு உறைப்பது சுகாதார அமைச்சிடம் போகும் புகார். லேபிளில் உணவின் தன்மையையோ கலவையையோ பற்றித் தவறான எண்ணம் தருவது 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வழக்குத் தொடுப்பது அரசு, அபராதமும் அரசுக்கே போகும். ஆனால் அடுத்த தடவை லேபிள் மாறும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழிலேயே பேசலாம்.

இப்போது மாமியார். மாடு பட்ட பொட்டலத்தை வீட்டு ஐஸ்பெட்டியில் வைக்க அவருக்கு மனம் வராதது நியாயம்தான். லேபிளின் நான்கு பக்கத்தையும், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ரசீதையும் எடுங்கள், சூட்டில் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும். பிறகு நான்கு சாசேஜையும் பொட்டலத்தோடு பைக்குள் கட்டி, ஐஸ் வைத்து, நாளைக் காலையிலேயே மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு துண்டுச் சீட்டு வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.