வாசகர் கேள்வி-பதில்: மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு வாரம்

கேள்வி: எங்கள் இருபதாவது திருமண நிறைவையொட்டி, கிரேக்க நாட்டின் மெசீனியாப் பகுதியில் உள்ள கோஸ்டா நவரினோ என்ற கடற்கரை, கோல்ஃப் விடுதித் தொகுதியில் ஒரு வாரம் தங்க எண்ணியிருக்கிறோம். கணவர் றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தில் விளையாடுபவர். பிள்ளைகளுக்கு வயது 14, 9. அவர்களுடைய சர்வதேசப் பாடசாலைக்கு ஓகஸ்டில் நீண்ட விடுமுறையும் ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு வார இடைவேளையும் உண்டு. சைவ உணவு மட்டுமே உண்ணும் மாமியும் எங்களோடு வருகிறார். ஓகஸ்ட் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடிவு இன்னும் முழுமையாகவில்லை என்பதால் சொல்கிறேன்: ஓகஸ்டை விட்டுவிட்டு அந்த ஒக்டோபர் வாரத்தில் போங்கள். ஓகஸ்ட் 15 ஆம் திகதி மடுவில் எவ்வளவு சனம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே நாள் கிரேக்கருக்கும் மரியன்னையின் பெருநாள். அதையொட்டி நாடே ஊருக்கும் கடற்கரைக்கும் கிளம்பிவிடுவதால், விமான ஆசனமும் விடுதி அறையும் ஆண்டிலேயே அதிக விலைக்குப் போகும் காலம் அது. அதைவிட முக்கியமானது வெயில். பகலில் 30 பாகையைத் தாண்டுவது வழமை, வெப்ப அலை வீசினால் 40 வரை ஏறும். அந்த வெயிலில் உங்கள் கணவர் 18 குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணித்தியாலத்துக்கு மேல் திடலில் நிற்க வேண்டும்; மாமியோ மதியம் முழுவதும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டிவரும்.

ஒக்டோபரில் கடல் குளிராக இருக்காதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவது. கோடை முழுவதும் வாங்கிய சூடு அப்போதும் அதில் மிஞ்சியிருக்கும், ஏறத்தாழ 22 பாகை. வெள்ளவத்தைக் கடலின் இளஞ்சூட்டுக்குப் பழகிய கால்களுக்கு முதலில் சற்றுச் சுரீரென்றிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். ஏப்ரல்தான் ஏமாற்றும் மாதம். ஒரு சித்திரை விடுமுறையில் வொய்டொகிலியாக் கடற்கரைக்கு நாங்கள் போயிருந்தோம். ஒமேகா (Ω) என்ற கிரேக்க எழுத்தைப் போல வளைந்த வெண்மணல், கண்ணாடி போன்ற நீர், நல்ல வெயில். என் மருமகன் முழங்கால்வரை ஓடிப்போனவன், ஒரு சத்தத்துடன் திரும்பிக் கரைக்கே பாய்ந்து வந்து, துவாயைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் அசையவில்லை. அழகான அந்தக் கடற்கரையில் கடைகளோ குளியலறைகளோ கிடையா. தண்ணீர்ப் போத்தலை நீங்களே கொண்டுபோங்கள்.

ஒக்டோபரில் மேற்குக் கிரேக்கத்தில் மழை தொடங்கிவிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இடியுடன் அடித்துப் பெய்து அடுத்த நாளே வெளித்துவிடும் மழைதான் பெரும்பாலும் வரும். ஏழு நாளில் ஒரு நாளை அதற்காக ஒதுக்கி, அன்று, பண்டைக் கிரேக்கக் காவிய மன்னன் நெஸ்டரின் அரண்மனை என அழைக்கப்படும் இடத்தைப் பாருங்கள்; 1939 இல் அகழத் தொடங்கிய அந்த இடிபாடு கூரையின் கீழ் இருப்பதால் மழையிலும் பார்க்கலாம். அங்கு கிடைத்த களிமண் பலகைகள், கிரேக்க மொழியின் மிகப் பழைய எழுத்துவடிவத்தை வாசிக்கப் பெரிதும் உதவின என்று சொன்னால் உங்கள் மூத்த பிள்ளை ஆர்வத்தோடு பார்க்கக்கூடும். ஒக்டோபர் 20 உங்கள் வாரத்துக்குள் வந்தால், பிலோஸ் நகரத்துக்கு அன்று மாலை கட்டாயம் போய்வாருங்கள். 1827 இல் அதே நாளில் அந்தக் குடாவில்தான் பிரித்தானிய, பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்கள் ஒட்டோமன்-எகிப்தியக் கடற்படையை அழித்தன. ஆண்டுதோறும் அதை ஊரே கூடி நினைவுகூர்கிறது. ஓகஸ்டைக் கைவிடுவதால் ஒன்றை மட்டும் இழப்பீர்கள்: அந்தக் கரைகளில் முட்டையிடும் கடலாமைகளின் குஞ்சுகள் பெருமளவில் வெளிவருவது கோடையின் பிற்பகுதியில்தான். கொஸ்கொடையில் அதைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எந்த விடுதி என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இது ஒரே கட்டடம் அல்ல; ஒன்றுக்கொன்று சில கிலோமீற்றர் தள்ளி அமைந்த பல விடுதிகளின் தொகுதி. 2010 இல் திறக்கப்பட்ட வெஸ்ரின், ரொமனோஸ் இரண்டும், பேர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்த டியூன்ஸ் திடலின் அருகிலேயே உள்ளன. பிள்ளைகளோடும் மூத்தவரோடும் போகிறவர்கள் வெஸ்ரினைத் தெரிவுசெய்வதே வசதி என்பது என் கருத்து. கணவர் காலையில் நடந்தே திடலுக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். றொபர்ட் ட்ரென்ற் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்த பே திடலும், ஒலாசபால் வடிவமைத்து 2022 இல் திறக்கப்பட்ட இரண்டு திடல்களும் வாகனத்தில் போகவேண்டிய தூரத்தில் உள்ளன. ஒரு வாரத்துக்கு டியூன்ஸில் இரு முறை, பேயில் ஒரு முறை போதும். நான்கையும் ஆடிவிட வேண்டும் என்று புறப்பட்டால் அது கணவரின் விடுமுறையாக மட்டுமே முடியும்.

ஆட்டநேரங்களை அறை பதிவுசெய்யும்போதே எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். கழகத்திலிருந்து ஹண்டிகப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்றிதழையும் வாங்கிவைத்திருங்கள். இன்னொன்று சிறிய விடயமானாலும் முதல் நாள் ஆட்டத்தைக் கெடுக்கக்கூடியது: யார்க் கணக்கில் பழகியவர்கள் அங்கு தூரம் மீற்றரில் குறிக்கப்பட்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள். பலகையில் 150 என்று இருந்தால் அது 164 யார். வழமையைவிட ஒரு மட்டை பெரிதாக எடுக்கச் சொல்லுங்கள்.

மாமியின் சாப்பாடு குறித்துக் கவலைப்பட வேண்டாம், ஆனால் ஒரு சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாட்களில் இறைச்சி, மீன், பால், முட்டை எல்லாவற்றையும் விலக்கிச் சமைப்பதை 'நிஸ்தீசிமோ' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பரிமாறுபவரின் முகம் மலரும். சோறு அடைத்துச் சுட்ட தக்காளியும் பெரிய வெள்ளை அவரையும் மேசைக்கு வரும். இயலோவாவில் ஒரு சிறு உணவகத்தில் எனக்குக் கிடைத்த 'ஃபாவா', மஞ்சள் பருப்பை மசித்து ஒலிவ் எண்ணெய் விட்டு வெங்காயம் தூவியது. கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்திருந்தால் வீட்டுப் பருப்பு என்றே சொல்லியிருப்பேன். ஆனால் இறாலும் கணவாயும் இரத்தமற்றவை என்று அந்த நோன்பில் அனுமதிக்கப்படுகின்றன. ஆகவே 'கடலுணவும் வேண்டாம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். சோறு கோழிச் சாற்றில் வேகவைக்கப்பட்டதா என்றும் கேளுங்கள்.

செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுங்கள். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ என்பதால், உங்கள் ஐவருக்கும் 405 யூரோ வரும். விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டு, நீங்கள் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னரும் 3 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். விசா கைக்கு வரும்வரை, பணம் திருப்பித் தரப்படாத பதிவு எதையும் செய்யாதீர்கள். சில ஆயிரம் ரூபா மலிவு என்று முகவர் ஒருவர் சொன்னதை நம்பி நான் ஒருமுறை முழுத் தொகையையும் இழந்திருக்கிறேன்.

விடுதிக் கணக்கில் எதிர்பாராமல் வருவது, காலநிலை நெருக்கடிக்கென அரசு அறவிடும் கட்டணம். 2025 முதல், ஐந்து நட்சத்திர விடுதிகளில் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர்வரை அறை ஒன்றுக்கு இரவுக்கு 15 யூரோ. இரண்டு அறை, ஏழு இரவு என்றால் 210 யூரோ. அதை அங்கேயே செலுத்த வேண்டும்.

கொழும்பிலிருந்து டோஹா அல்லது டுபாய் வழியாக ஏதென்ஸ் சென்று, அங்கிருந்து தரைவழியே ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். கணவரே வாகனம் ஓட்டுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். இரவுப் பயணக் களைப்போடு, பழக்கமில்லாத வலப்பக்கத்தில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டும் பாதையல்ல அது. சாரதியோடு ஒரு வேனை விடுதியிடமே கேளுங்கள்.

கேள்வி: இத்தகைய பயணத்துக்குக் கோல்ஃப் பையைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: மூன்று ஆட்டம்வரை என்றால் வாடகைக்கே எடுங்கள். சப்பாத்து, கையுறை, பந்து ஆகியவற்றோடு உங்கள் சொந்தப் பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை) மட்டும் கொண்டுபோங்கள். பெரிய பெட்டியில் மூலைக்கு மூலை சரித்து வைத்தால் அடங்கும். கையோடு விமானத்துக்குள் எடுத்துச் செல்ல அனுமதிக்க மாட்டார்கள். இடக்கை ஆட்டக்காரரானால், இடக்கை மட்டைத் தொகுதி இருக்கிறதா என்று பதிவுசெய்யும்போதே கேட்டு, உங்கள் பெயரில் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.