ரப்பர் ஷீட் சீட்டும் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பமும்

வாசகர் கேள்வி – பதில்: கல்வி

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் உள்ள லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றில் நிதியுதவியோடு படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். எங்களுக்கு எண்பது சென்ட் ரப்பர் இருக்கிறது. அவளுடைய அப்பா பிறர் தோட்டங்களிலும் பால் வெட்டப் போகிறார். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் வரும். ஆனால் முன்பு ஓர் அரசுத் திட்டத்துக்காக வாங்கிய வருமானச் சான்றிதழில் 72,000 ரூபாய் என்று இருக்கிறது. உதவி வேண்டும் என்று எழுதினால் இடம் தரமாட்டார்கள், முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்கிறார் என் அண்ணன். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், குலசேகரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அதன்படி நடந்தால் உங்கள் மகளால் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போகும்.

கலை, அறிவியல் எனப் பல துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கென ஒதுக்கப்படும் உதவித்தொகைக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே மாணவருக்கு எவ்வளவு உதவி தேவைப்படும் என்பதையும் பார்த்துத்தான் அவர்கள் இடம் தருகிறார்கள். அம்ஹர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில கல்லூரிகளே, வெளிநாட்டு மாணவராயினும் பணத்தேவையைப் பாராமல் தேர்வு செய்து, தேர்வானவருக்குத் தேவைப்படும் தொகை முழுவதையும் தருகின்றன. அவற்றில் இடம் கிடைப்பதோ மிக மிக அரிது. உதவி கேட்டால் போட்டி கூடும் என்பது இந்த அளவுக்குச் சரி.

ஆனால் கேட்காமல் சேர்ந்தால் என்ன ஆகும்? மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவத்தை, முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான சான்றைப் பார்த்த பிறகே கல்லூரி தரும். கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும் கல்லூரிகள் பல. அந்தத் தொகையை உங்கள் வங்கிக் கணக்கில் காட்ட வழியில்லை. மேலும், சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னாளில் கேட்க இயலாது என்பதைப் பல கல்லூரிகள் விதியாகவே வைத்திருக்கின்றன. எனவே விண்ணப்பத்தில் “நிதியுதவி கோருகிறீர்களா” என்ற கேள்விக்கு உங்கள் மகள் தயங்காமல் “ஆம்” என்று குறிக்கட்டும்.

இனி வருமானத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என் மனத்தை உறுத்தியது அந்த 72,000 ரூபாய்தான். அந்தச் சான்றிதழை அனுப்பாதீர்கள். பல கல்லூரிகள் கேட்கும் ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’ என்னும் நிதிப் படிவத்தில் வருமானத்தோடு நிலம், வீடு, சேமிப்பு, கடன், குடும்பச் செலவு ஆகியவற்றையும் எழுத வேண்டும். 72,000 ரூபாய் வருமானத்தில் அதைவிடக் கூடுதலான ஆண்டுச் செலவு எப்படி நடக்கிறது என்று படிவத்தைப் பார்க்கும் கல்லூரி அலுவலர் கட்டாயம் கேட்பார். பதில் இல்லாத அந்த ஒரு கேள்வி, மகள் எழுதிய நல்ல கட்டுரையையும் ஐயத்துக்குரியதாக்கிவிடும். இரண்டு லட்சம் என்பதும் அவர்கள் கணக்கில் மிகக் குறைந்த வருமானமே. அதைக் குறைத்துச் சொல்வதால் உங்களுக்குக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. இ-சேவை மையம் வழியாக உண்மையான தொகைக்குப் புதிய சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள்.

சம்பளச் சீட்டு இல்லாத வீட்டில் வருமானத்தை எப்படிக் காட்டுவது என்ற தயக்கம் நம் மாவட்டத்தில் பலருக்கும் இருக்கிறது. சென்ற ஆண்டு அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சிறு நோட்டு ஒன்றை என்னிடம் காட்டினார். ஷீட்டின் எடை, அன்றைய கிலோ விலை, ஒட்டுப்பாலுக்கு (உறைந்த மிச்ச ரப்பருக்கு)த் தனித் தொகை, மழையால் பால் வெட்டாத நாட்களுக்கு ஒரு சிறு கோடு, எல்லாம் அதில் இருந்தன. கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டுகளை நூலால் கட்டி வைத்திருந்தார். அதைவிட நேர்மையான ஆவணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்களும் அப்படி ஒரு பன்னிரண்டு மாதக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதி, கூலி வருமானத்தைத் தனியாகக் காட்டி, அப்பா கையெழுத்திட்டு இணையுங்கள். மரத்தில் பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் மழைக்காலத்தில் வெட்டு நின்றுவிடும் என்பதும், இலை உதிரும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு தரப்படும் என்பதும் அங்கே இருப்பவருக்குத் தெரியாது. இரண்டு வரிகளில் விளக்குங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாதவராயின் அதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொகைகளை ரூபாயிலேயே எழுதலாம்.

சி.எஸ்.எஸ். படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலரும் அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16 டாலரும் கட்டணம். அதைக் கட்ட இயலாது என்று கல்லூரிக்கே மின்னஞ்சல் எழுதினால், சில கல்லூரிகள் விலக்குக் குறியீடு தரும். வேறு சில, கட்டணமில்லாத தங்கள் சொந்தப் படிவத்தை அனுப்பும். எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழு உதவி கிடைத்தாலும் செவிஸ் எனப்படும் வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், விமானப் பயணம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் நீங்களே பணம் புரட்ட வேண்டியிருக்கும். முகவருக்குப் பணம் கட்ட வேண்டாம். அமெரிக்க அரசின் எஜுகேஷன்-யு.எஸ்.ஏ. ஆலோசனை மையம் சென்னையில் இருக்கிறது.

இவற்றோடு நம் நாட்டுக் கல்லூரிகளுக்கும் கட்டாயம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஹரியானா சோனிபட்டில் உள்ள அசோகா, ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா ஆகியவை இதே முறையில் கற்பிக்கின்றன; குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவியும் தருகின்றன. இவற்றை இரண்டாம் தரமாக நினைத்துவிட வேண்டாம். குலசேகரத்திலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய பெங்களூரில் நல்ல படிப்பு கிடைப்பது பெரிய பேறு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: விண்ணப்பத்தில் ‘கவுன்சிலர்’ பரிந்துரை கேட்கிறார்கள். என் மகன் படிக்கும் பள்ளியில் அப்படி யாரும் இல்லையே?
— ஒரு மீனவத் தந்தை, குளச்சல்

பதில்: தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம், அவருடைய மின்னஞ்சல் முகவரியை, பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாக அனுப்ப உதவும் காமன் ஆப் தளத்தில் கொடுத்தால் படிவம் அவருக்கே போய்ச் சேரும். பள்ளியில் இதற்கெனத் தனி ஆள் இல்லை என்பதை அவர் முதல் வரியிலேயே குறிப்பிடட்டும். அதனால் மகனுக்குக் குறைவு எதுவும் வராது. “ஒழுக்கமானவன், நன்றாகப் படிப்பவன்” என்ற பொதுச் சொற்களைவிட, அதிகாலையில் வலை இழுக்க உதவிவிட்டு வந்தும் முதல் பாடவேளைக்குத் தவறாமல் இருப்பான் என்பது போல் ஆசிரியர் கண்ணால் கண்ட ஒன்றை எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். 650 சொற்களுக்கு மிகாத கட்டுரையை மகனே எழுத வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்களைப் பள்ளி முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள். பல கல்லூரிகளுக்குக் கடைசி நாள் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. அது அரையாண்டு விடுமுறையை ஒட்டிய நேரம் என்பதால், பள்ளி மூடும் முன்பே தலைமையாசிரியர் தம் பகுதியைப் பதிவேற்றிவிட வேண்டும். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களைப் பள்ளி திறந்த பிறகு தனியாக அனுப்பலாம்.