பல்லிக்கும் கொசுவுக்கும் பெயர் வைக்கும் படிப்பு: மகளை அனுப்பலாமா?

பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், அடுத்து உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள், "பல்லிக்கும் கொசுவுக்கும் பெயர் வைக்கிற வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நியாயமான கேள்வி. சம்பளம் உண்டு. ஆனால் "வகைப்பாட்டியலாளர் தேவை" என்று விளம்பரம் வருவது அபூர்வம். கொசு ஒழிப்பு, பயிர்ப் பாதுகாப்பு, மீன்வளம், மருந்து மற்றும் உணவு ஆலை ஆய்வகம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று வேறு பெயர்களில்தான் அந்த வேலை வரும். அங்கே நுழையத் தேவையான கைத்திறமையை உங்கள் மகள் இப்போதிருந்தே சேர்க்கிறாளா என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் கொசுவையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுக் கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசு அனோஃபிலிஸ் குலிசிபேசிஸ். நெடுங்காலம் அதை ஒரே சிற்றினமாகத்தான் நினைத்திருந்தார்கள். குரோமோசோம்களைப் பார்த்தபோது ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து சிற்றினங்கள் அதற்குள் இருப்பது தெரிந்தது. வெளித்தோற்றத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால் பி மலேரியாவைப் பரப்புவதில் மிகவும் பலவீனமானது. அதோடு சேர்த்தே எண்ணப்பட்டுவந்த ஈ, ராமேஸ்வரம் தீவில் மலேரியாவைப் பரப்பும் கொசுவாக அடையாளம் காணப்பட்டது. எந்த ஊரில் எந்தச் சிற்றினம் என்று தெரியாமல் மருந்து அடித்தால் பணமும் வீண், நோயும் நிற்காது. இதற்கென்றே புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் என்ற இரண்டாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது. வேலைக்கு மிக அருகில் கொண்டுபோய் விடும் படிப்பு என்று இதைத்தான் முதலில் சொல்வோம்.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் புதுச் சிற்றினம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் சூட்ட ஆசை. ஆசை தப்பில்லை, ஆனால் அதற்கு முன்னால் பழைய பெயர்களைச் சரிபார்க்கக் கற்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் டிராவிடோகெக்கோ என்ற பல்லிப் பேரினத்தில், 1875இல் ஆனைமலைப் பல்லியை வைத்து விவரிக்கப்பட்ட ஒரே சிற்றினம்தான் உண்டு என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2019இல் வந்த மறுஆய்வு அதோடு ஆறு புதுச் சிற்றினங்களைச் சேர்த்தது. ஒன்றுக்கு மேகமலையின் பெயர், இன்னொன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர்.

ஒன்றாக இருந்தது ஏழாகும்போது பழைய பெயர் எந்தப் பல்லிக்கு? இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் மறுஆய்வில் கை வைக்கக் கூடாது. பெயர் எப்போதும் டைப் மாதிரியைப் பின்தொடரும். முதல் விவரணைக்கு ஆதாரமாக அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் உடல் எந்த மலையிலிருந்து வந்ததோ, அந்த மலைப் பல்லிக்கே பழைய பெயர். அதனால் வேலை நூலகத்தில் தொடங்குகிறது. அந்தக் குழுவுக்கு 1758 முதல் வெளியான பெயர்கள் அத்தனையையும் திரட்டி, முதல் விவரணைகளைப் படித்து, டைப் மாதிரிகளை நேரிலோ துல்லியமான படங்களிலோ பார்க்க வேண்டும். அவற்றில் பல கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்திலும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அதே இடத்துக்குப் போய்ப் புதிதாக மாதிரி எடுப்பது அடுத்த படி. இந்தப் படியைத் தாண்டிக் குதித்து எழுதிய கட்டுரைகள்தான் பின்னாளில் "இது பழைய சிற்றினமே" என்று ரத்தாகின்றன.

களத்தில் செய்யும் சிறு பிசகு ஆய்வகத்தில் பெரிய நஷ்டமாகும். திசுத் துண்டை முதலில் 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட வேண்டும். அதன் பிறகே உடலை 10 சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும், பிறகு அதைப் படிப்பது பெரும்பாடு. அளவுகளை ஒரே ஆள், உடலின் ஒரே பக்கத்தில் எடுக்க வேண்டும். குட்டிகளையும் பெரியவற்றையும் கலந்து சராசரி எடுத்தால் இல்லாத வேறுபாடு முளைக்கும். வனத்துறை அனுமதிக் கடிதம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அது வராமல் காட்டிலிருந்து ஒரு பல்லியைக்கூட எடுக்கக் கூடாது; வழக்கு வந்தால் அரசு வேலைக் கனவே போய்விடும்.

டி.என்.ஏ. வந்துவிட்டதால் நுண்ணோக்கி தேவையில்லை என்று சில கல்லூரிகளில் சொல்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். விலங்குகளுக்குப் பொதுவாகப் படிக்கும் சி.ஓ.ஐ. என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுத் துண்டு 658 டி.என்.ஏ. எழுத்து நீளம்தான். அதை ஜென்பேங்க் என்ற பொது டி.என்.ஏ. தரவுத்தளத்தில் ஒப்பிட்டு மேலே வரும் பெயரை அப்படியே எடுப்பது பெரிய பொறி, ஏனென்றால் அங்கே தவறான பெயரில் ஏற்றப்பட்ட வரிசைகளும் இருக்கின்றன. இந்த மைட்டோகாண்ட்ரியத் துண்டின் பழைய நகல் உட்கரு டி.என்.ஏ.வுக்குள் போய் ஒட்டியிருந்து ஏமாற்றுவதும் உண்டு. உடல் அமைப்பு, உட்கரு மரபணு, வாழும் இடம் மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் பிரிக்கலாம்.

வெளியிடும்போது சட்டதிட்டம் முக்கியம். 1999க்குப் பிறகு வெளியாகும் எந்த விலங்குச் சிற்றினப் பெயருக்கும் டைப் மாதிரியை வெளிப்படையாகக் குறித்து, அது எங்கே வைக்கப்படுகிறது என்றும் சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாவதானால் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் முன்பே பதிந்து, அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டப்படி புதுச் சிற்றினத்தின் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைப்பதும் கட்டாயம். இன்னொன்று: விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதிகள் சக ஆய்வாளர் மதிப்பீட்டைக் கேட்பதில்லை. காசு வாங்கி எதையும் போடும் இதழில் வந்த அரைகுறைப் பெயரும் செல்லுபடியாகிவிடும். அந்தக் குழப்பத்தை அடுத்த தலைமுறை சுமக்க வேண்டும். அப்படிப்பட்ட இதழில் உங்கள் மகளின் முதல் கட்டுரை வர விடாதீர்கள்.

பாக்டீரியா பக்கம் போனால் விதிகளே வேறு. அங்கே டைப் என்பது ஆய்வகத்தில் உயிரோடு வளர்த்துக் காக்கும் பாக்டீரியா வளர்ப்பு. தூய வளர்ப்பு எடுத்து, பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவைச் சுமார் 1,500 எழுத்து முழு நீளத்துக்குப் படித்து, டைப் வளர்ப்புகளோடு ஒப்பிட வேண்டும். ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிதாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருந்தாலும் கைவிட வேண்டாம். முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95 முதல் 96 சதவீதத்துக்குக் கீழே வந்தால் தனிச் சிற்றினம் என்று வாதிடலாம். 700 எழுத்துத் துண்டை வைத்துக்கொண்டு "புதுசு" என்று அறிவிப்பதுதான் எம்.எஸ்சி. புராஜெக்டுகளில் நடக்கும் வழக்கமான தவறு. டைப் வளர்ப்பை வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேமிப்பகங்களிலாவது ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். இந்தியாவில் சண்டிகர், புனே சேமிப்பகங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் சென்னை தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையைக் கேட்டு முடிக்க வேண்டும். கட்டுரை எழுதிய பிறகு அதைத் தொடங்கினால் ஆராய்ச்சிப் படிப்பே தாமதமாகும்.

இதற்கு ஆலையில் என்ன மதிப்பு என்றால், 2020ஐப் பாருங்கள். 261 சிற்றினங்கள் இருந்த லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாப் பேரினத்தைப் பிரித்து 23 புதுப் பேரினங்களை உருவாக்கினார்கள். புரோபயாட்டிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) மாத்திரைகளில் வரும் ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ். அசிடோஃபிலஸோ பழைய பேரினத்திலேயே நிற்கிறது. லேபிள், உரிம ஆவணம், தரக்கட்டுப்பாட்டு அறிக்கை என எல்லாவற்றிலும் பழைய பெயரையும் புதிய பெயரையும் பொருத்திப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. நுண்ணுயிரியல் படித்தவர்களுக்குத் தனியார் வேலை விலங்கியலைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் உங்கள் மகளுக்குப் பூச்சியும் பல்லியும்தான் பிடிக்கும் என்றால், சம்பளத்துக்காகப் பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டின் முன் உட்கார வைக்காதீர்கள். பொறுமை இல்லாமல் இந்த வேலை நடக்காது. பிடிக்காததில் பொறுமை வராது.

தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. உயிர் அறிவியல் தாளின் சி பகுதியில் 75 கேள்விகளில் 25க்கு விடை எழுதினால் போதும். பன்முகத்தன்மை, சூழலியல், பரிணாமம், ஆய்வு முறைகள் ஆகிய அலகுகளில் அவள் பலமாக இருந்தால் கை கொடுக்கும். மூலக்கூறு உயிரியலை முழுக்க விட்டுவிட முடியாது. முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வில் சூழலியலும் பரிணாமமும் என்று தனித் தாளே இருக்கிறது.

இந்த விடுமுறைக்குள் அவள் ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கட்டும்: எறும்பு, சிலந்தி, கொசு, நன்னீர் நத்தை, எதுவானாலும் சரி. வீட்டுக்கு அருகே கிடைப்பதாக இருப்பது நல்லது. அடையாளத் திறவுகோலை (உடல் அம்சங்களைப் படிப்படியாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்) வைத்துக் கல்லூரி ஸ்டீரியோ நுண்ணோக்கியில் ஐம்பது மாதிரிகளைச் சிற்றினம் வரை பிரித்துப் பழகட்டும். இடம், தேதி, எடுத்தவர் பெயர் இல்லாத மாதிரி குப்பைக்குச் சமம் என்பதும் அதில் பழகிவிடும். ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் அளவுகளை அலசவும், டி.என்.ஏ. வரிசைகளை ஒழுங்கமைத்துப் பரிணாம மரம் வரையவும் இலவச மென்பொருள்களே போதும். ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் சான்றிதழ் வகுப்புகள் வேண்டாம். வழிகாட்டியைத் தேடும்போது அவருடைய கட்டுரைகளில் டைப் மாதிரிகளைப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பயத்துக்கு ஒரு பின்வழியும் வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்சி. பட்டத்தில் "விலங்கியல்" என்றே இருந்தால், பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதும் வழி திறந்திருக்கும். வேறு பெயருள்ள பட்டம் என்றால், அது விலங்கியலுக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். புதுச்சேரிப் படிப்புக்கு விண்ணப்பிப்பதானாலும் இதையே செய்யுங்கள்.