ஜன்னல் சில் மட்டம்: 3 அடியா, 2 அடியா? எங்கிருந்து அளக்கிறீர்கள்?

கேள்வி: புது வீட்டுக்கு அடித்தளத்தின் மேல் ஓடும் பெல்ட் கான்கிரீட் போட்டாயிற்று, அடுத்த வாரம் சுவர் எழும்புகிறது. எல்லா ஜன்னலுக்கும் சில் மட்டம் (ஜன்னலின் அடிவிளிம்பு உயரம்) 3 அடிதான் என்கிறார் மேஸ்திரி. என் மாமியார் முன்னறையில் பாய் போட்டுத் தரையில்தான் உட்காருவார். அவருக்கு வெளியே தெரியும்படி 2 அடியில் வைக்கலாமா? சாரல் அடிக்கும், திருடன் வருவான் என்று பயமுறுத்துகிறார்கள்.
- வாசகி, காரிமங்கலம்

பதில்: தாராளமாக வைக்கலாம். தரையில் சம்மணமிட்டு உட்காருபவரின் கண் ஏறத்தாழ இரண்டேகால் அடி உயரத்தில் இருக்கும். 3 அடி சில் வைத்தால் அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்றும் தலைக்கு மேலேயே போய்விடும். 2 அடிக்கும் கீழே மட்டும் இறக்காதீர்கள். வெளித்தரையிலிருந்து வீட்டுத்தரை 3 அடி உயரம், காம்பவுண்டு 5 அடி என்றால், காம்பவுண்டின் தலை உங்கள் தரையிலிருந்து 2 அடியில் நிற்கும். அதற்குக் கீழே இறக்கினால் தெரிவது காம்பவுண்டுச் சுவர்தான்.

இந்த 3 அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜன்னல், வாசலின் தலைக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டையான லிண்டல் 7 அடி, கடையில் தயாராகக் கிடைக்கும் ஜன்னல் 4 அடி. கழித்தால் 3. உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருவார், கட்டில் எங்கே வரும் என்ற யோசனை இந்தக் கணக்கில் கிடையாது. அதனால்தான் சுவர் எழும்பும் முன்பே "ஆஃபர் இருக்கிறது, ஜன்னல் நிலையை வாங்கிப் போட்டுவிடுங்கள்" என்று ஒருவர் வந்து நின்றால் உஷாராக இருங்கள் என்கிறேன். தருமபுரியானாலும் ஓசூரானாலும் இதே கதைதான். நிலையை வாங்கிய அன்றே உங்கள் சில் உயரத்தைக் கடைக்காரர் முடிவு செய்துவிட்டார். யூபிவிசி (பிளாஸ்டிக் வகை) ஜன்னல் ஆட்கள் இதற்கு நேர்மாறு. அவர்களுக்குச் சதுர அடிக்குப் பணம். 4x4 என்றால் 16 சதுர அடி, 4x5 என்றால் 20. கால் பங்கு கூடுதல். எல்லா அறைக்கும் பெரிய ஜன்னல்தான் அழகு என்பார்கள். உங்களுக்கு 4x5 வேண்டியது முன்னறைக்கு மட்டும். படுக்கையறைக்கு இரண்டரை அடி சில் போதும். குளியலறை வென்டிலேட்டருக்கு ஐந்தரை அடி.

சில் உயரத்தைவிடப் பெரிய வில்லங்கம் வேறொன்று. 3 அடியோ 2 அடியோ, அதை எங்கிருந்து அளக்கிறார்கள்? மேஸ்திரி டேப்பைப் பெல்ட்டின் மேல் வைப்பார். அதன் மேல் தரைக் கான்கிரீட் 3 அங்குலம், கலவையும் டைல்ஸும் சேர்ந்து 2 அங்குலம் என்று வைத்தால், முடிந்த தரை 5 அங்குலம் ஏறிவிடும். அவர் வைத்த 3 அடி அப்போது 2 அடி 7 அங்குலம்தான். லிண்டலும் 7 அடியிலிருந்து 6 அடி 7 அங்குலமாகி, வாசல் நிலையும் தாழ்ந்துவிடும்.

உங்கள் முன்னறைக்கான கணக்கு இது. வேண்டியது 24 அங்குலம். தரைக்கு 5 கூட்டினால் 29. அதில் சில் கான்கிரீட் 3, மேலே கிரானைட்டும் கலவையும் 1, ஆக 4 கழித்தால் 25. பெல்ட்டிலிருந்து 25 அங்குலத்தில் கட்டு வேலை நிற்க வேண்டும். 8 அங்குல பிளாக்கில் இடைக்கலவையோடு மூன்று வரி அநேகமாக இதே அளவுக்கு வரும். சில் கான்கிரீட்டில் 8 எம்எம் கம்பி இரண்டு ஓடட்டும். இல்லாவிட்டால் ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் விடும்.

சமையலறையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேடை முடிந்த உயரம் 2 அடி 10 அங்குலம் என்றால் சில் 3 அடி 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நடுவில் கிடைக்கும் 8 அங்குலம் சுவர் டைல்ஸுக்கு. இங்கேதான் பிளம்பர் கெடுப்பார். வழக்கம்போல மேடைக்கு மேல் 12 அங்குலத்தில் சுவர்க்குழாய்க்குப் பாயின்ட் விடுவார். அந்த இடத்தில் உங்களுக்கு ஜன்னல் இருக்கும். சிங்க் ஜன்னலுக்கு நேரே வந்தால் மேடையிலேயே நிற்கும் வகைக் குழாய் வேண்டும் என்று சுவரை வெட்டும் முன் சொல்லுங்கள். அப்போதும் கொசுவலைக் கதவு உள்பக்கம் திறந்தால் குழாயில் முட்டும். அதைத் தள்ளுகதவாகக் கேளுங்கள். அடுப்பை ஜன்னலுக்கு நேர் கீழே வைக்க வேண்டாம், காற்று தீயை அணைத்துவிடும். ஜன்னல்தான் இருக்கிறதே என்று கேஸ் கசிவைப் பற்றி அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். சிலிண்டர் அறைக்குத் தரையை ஒட்டியே ஒரு காற்றுத்துளை வேண்டும்.

சாரல் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று நம் பக்கம் இரண்டு பருவத்திலும் மழை பெய்யும். 5 அடி உயர ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேட் போதாது, 2 அடி நீட்டுங்கள். சில் கல் வெளிப்பக்கம் அரை அங்குலம் சரிந்து, பூச்சைத் தாண்டி ஒரு அங்குலம் நீண்டு, அடியில் தண்ணீர் சொட்டக் காடி (சிறு பள்ளம்) வெட்டியிருந்தால் தண்ணீர் சுவரில் வழியாது. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் துண்டுக்கல் கேட்டுப் பாருங்கள். திருட்டுக்கு சில் உயரம் காவல் இல்லை, கம்பிதான் காவல். 3 அடி சில்லை ஏறிக் குதிக்க யாருக்கும் ஏணி வேண்டாம். கம்பி இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்கட்டும்; குழந்தைகள் இருந்தால் நேர்க்கம்பியாகப் போடுங்கள், படுக்கைக்கம்பியில் ஏறுவார்கள். மாடியில் சில் 1 மீட்டருக்குக் குறைந்தால் நிலையான கிரில் போட்டுவிடுங்கள்.

"அப்ரூவல் பிளானில் எல்லாம் இருக்கிறது" என்பதை நம்பாதீர்கள். அதில் பெரும்பாலும் ஜன்னலின் நீள அகலம் மட்டும் ஒரு கட்டத்தில் இருக்கும். 2024 ஜூலை முதல் 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் சுயசான்றில் (நீங்களே உறுதிகூறி விண்ணப்பிக்கும் முறை) ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அதற்கும் ஒரு புரோக்கர் கை நீட்டுகிறார். சில் மட்டம் கேட்டால் "அதை மேஸ்திரி பார்த்துக்குவார்" என்கிறார். கொடுக்கிற பணத்தைப் பொறியாளரிடம் கொடுத்து, ஒவ்வொரு ஜன்னலுக்கும் சில், லிண்டல் உயரம் குறித்த வேலை வரைபடமாக வாங்குங்கள்.

சுவர் தொடங்கும் நாளில் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து, எல்லாத் தூணிலும் முடிந்த தரையிலிருந்து 3 அடி உயரத்தில், அதாவது பெல்ட்டிலிருந்து 3 அடி 5 அங்குலத்தில், சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சில், லிண்டல், மேடை, சுவிட்ச் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்தே மேலும் கீழும் அளக்கப்படட்டும். லிண்டல் போட்டு, நிற்கும் இடைவெளியை அளந்த பிறகு ஜன்னலுக்கு முன்பணம் கொடுத்தால் போதும்.