ஜாங்கிரிப் படத்துக்கு 68,000 ரூபாயா?

போன மாதம் இணையதளப் படங்களைப் பற்றி இங்கே நாலு வரி எழுதப்போக, 'அடுத்தவர் படத்தைப் போட்டதற்குப் பணம் கேட்கிறார்கள்' என்ற ரகக் கடிதங்கள் வரிசைகட்டி வந்துவிட்டன. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன்.

கே: சின்ன ஸ்வீட் ஸ்டால் வைத்திருக்கிறோம். எங்கள் வெப்சைட்டில் இருந்த ஜாங்கிரிப் படம் தங்கள் கட்சிக்காரருடையது என்று ஒரு ஏஜென்சி மெயில் அனுப்பியிருக்கிறது. 14 நாளில் 68,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டோம். கூகுளில் கிடைத்த படம்தான் சார். கட்டித்தான் ஆக வேண்டுமா? (காரைக்குடி)

ப: கூகுள் ஜாங்கிரியும் சுடுவதில்லை, படமும் எடுப்பதில்லை. யாரோ எடுத்ததைக் காட்டுகிறது. படத்தை நீக்கியது சரி, ஆனால் அதனால் இதுவரை போட்டிருந்தது இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பக்கம் எப்படி இருந்தது, எந்தத் தேதியில் ஏற்றினீர்கள் என்பதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

பதறிப்போய் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். பணமும் இப்போதைக்கு வேண்டாம். படத்தை எடுத்தவர் யார், அவருக்காகப் பணம் கேட்க உங்களுக்கு என்ன அதிகாரம், 68,000 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நாலு வரியில் கேளுங்கள். உரிமையை வாங்கிவிட்டோம் என்று சொன்னால் பத்திரத்தைக் காட்டட்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையைக் கைமாற்றுவது எழுத்திலும் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். ஆனால் 'படத்தைப் பதிவு செய்யவில்லையே' என்று மட்டும் வாதாடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை.

ஆதாரமே காட்டாமல் மிரட்டிக்கொண்டிருந்தால், அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவின் கீழ் நீங்களே நீதிமன்றம் போய் அந்த மிரட்டலுக்குத் தடை கேட்கலாம். அவர்கள் முறையாக வழக்குப் போட்டு நடத்தத் தொடங்கினால் அந்த வழி அடைபடும்.

ஆதாரம் சரியாக இருந்தால் பேரம்தான். அமெரிக்கச் சட்டம் ஒரு படைப்புக்கு 750 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்தால் 1,50,000 டாலர் வரை என்று தொகையை எழுதியே வைத்திருக்கிறது. அந்த எண்ணைக் காட்டினால் அசையாதீர்கள். நம் சட்டத்தில் அப்படி விலைப்பட்டியல் கிடையாது, நஷ்டம் எவ்வளவு என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். அதே படத்தை அவர்கள் தளத்தில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பாருங்கள், பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். எந்தத் தொகையில் முடிந்தாலும் சரி, 'இந்தப் படத்தை இதுவரை பயன்படுத்தியதற்கு இனி எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதி வாங்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். பதிலை அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கே: இதே மாதிரி எனக்கும் இரண்டு மெயில் வந்தது. ஸ்பேமில் தள்ளிவிட்டேன். விட்டுவிடுவார்கள்தானே? (ஈரோடு)

ப: வழக்குப் போட அவர்களுக்கு 3 வருடம் இருக்கிறது. சம்மனை ஸ்பேமில் தள்ள முடியாது.

கே: வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. காப்பிரைட் குற்றமாம், இன்று இரவுக்குள் கியூஆர் கோடில் 9,500 அனுப்பாவிட்டால் கைதாம். எந்தப் படம் என்று சொல்லவில்லை. (மதுரை)

ப: மோசடி. லிங்க்கைத் தொடாதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

கே: படத்தில் இருந்த வாட்டர்மார்க்கை எடிட் செய்து எடுத்துவிட்டுத்தான் போஸ்டரில் போட்டேன். அப்படியும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (கோவை)

ப: படத்தை வைத்தே படத்தைத் தேடும் மென்பொருள் இருக்கிறது, அப்படித்தான். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். எப்படி மாட்டினோம் என்பதில்தான் உங்களுக்கு வருத்தம். தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. வாட்டர்மார்க் என்ற உரிமைக் குறிப்பை அழித்ததற்கு 65பி பிரிவு தனியாக இருக்கிறது. 'தெரியாது' என்று நீங்கள் சொல்லவே முடியாது. பேசி, கொடுத்து, முடித்துக்கொள்ளுங்கள்.

கே: வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். வெப்சைட் செய்ய ஒருவருக்கு 18,000 கொடுத்தேன். படமெல்லாம் ராயல்டி ஃப்ரீ (ஒவ்வொரு தடவையும் பணம் கட்ட வேண்டாதவை) என்று மெசேஜ் போட்டிருந்தார். இப்போது ஒரு படத்துக்கு 40,000 கேட்டு நோட்டீஸ். அவர் போனை எடுப்பதே இல்லை. அழுகையாக வருகிறது. (திருப்பூர்)

ப: அழாதீர்கள் அம்மா. அந்த மெசேஜை அழித்துவிடவும் வேண்டாம், அதுதான் உங்கள் சொத்து. நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், தளம் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆனால் உரிமை இருப்பது தெரியாது, சந்தேகப்படக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால், 55-ஆம் பிரிவுப்படி நஷ்டஈடு கிடையாது. தடையும், அந்தப் படத்தால் வந்த லாபமோ அதில் ஒரு பகுதியோதான். ஒரு பிளவுஸ் படத்தால் உங்களுக்கு என்ன லாபம் வந்திருக்கப் போகிறது!

அப்புறம் அந்த ஆளை விடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை என்று அவர் மறுத்தால், சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

இங்கே என் பழைய புண்ணையும் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு பொருட்காட்சி ஸ்டாலில் '10,000 படங்கள், இஷ்டம்போல் பயன்படுத்தலாம்' என்று ஒட்டியிருந்த சிடியை 150 ரூபாய்க்கு வாங்கினேன். பில் கேட்டதற்குச் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு வந்தேன். அதிலிருந்து ஒரு தாமரையை எடுத்துத் தங்கை கல்யாணப் பத்திரிகையில் போட்டேன். அச்சானபின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இதழ் ஓரத்தில் வேறொருவர் பெயர். 400 பத்திரிகை வீண். தங்கை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். அதிலிருந்து இந்த 'ஃபுல் பேக்கேஜ்' ஆசாமிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. துணிக்கடையில் கைக்குட்டைக்கு பில் கேட்கிறோம். வெப்சைட்டுக்கு மட்டும் 'தம்பி பார்த்துக்கொள்வார்' என்று விடுகிறோம். எந்தப் படம், எங்கே வாங்கியது, உரிமம் யார் பெயரில் என்று ஒரு தாளில் கேட்டால், நியாயமாகச் செய்கிறவர் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார். 'அதெல்லாம் எதுக்குங்க?' என்று கேட்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கே: தஞ்சைப் பெரிய கோயில் படத்தை விக்கிமீடியாவிலிருந்து எடுத்து டிராவல்ஸ் பக்கத்தில் போட்டேன். இலவசம்தானே? 1010-இல் கட்டிய கோயிலுக்கு யார் காப்பிரைட் கேட்பது? (கும்பகோணம்)

ப: ராஜராஜன் கேட்க மாட்டான், படம் எடுத்தவர் கேட்பார். அங்குள்ள படங்கள் பலவும் நிபந்தனையோடுதான் இலவசம், எடுத்தவர் பெயரும் உரிமமும் போட வேண்டும். போடாவிட்டால் அனுமதி போய்விடும். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் (எடுத்தவர் நிபந்தனையோடு எல்லாருக்கும் தரும் பொது அனுமதி) 4.0 பதிப்பு என்றால், தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்தினால் அது திரும்பக் கிடைத்துவிடும், முன்பு மீறியதற்கு அவர் கேட்பது தனி. பழைய பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லை. இன்றைக்கே பெயரைப் போடுங்கள்.

கே: 12,000 கொடுத்து எங்கள் ஹோட்டலைப் போட்டோ எடுக்கச் சொன்னோம். போர்டில் போட இன்னும் பணம் வேண்டும் என்கிறார் போட்டோகிராபர். (நாகர்கோவில்)

ப: காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அவர் கொடுத்த பில்லின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? படித்துவிட்டு எழுதுங்கள்.