மாமாவை டியூஷன் மாஸ்டர் ஆக்காதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு ஓவியம் என்றால் உயிர். பிழைப்பு வேறு, லீவு நாள் வந்தால் வண்ணப்பெட்டியோடு உட்கார்ந்துவிடுவான். என் 10 வயது மகள் இப்போதெல்லாம் மாமாவை விட்டு நகர்வதே இல்லை. அவனோ முறையாக எதுவும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. “இவளுக்குத் திறமை இருக்கிறதா?” என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறான். பேசாமல் நல்ல ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டு, தம்பி வீட்டுக்குப் போவதைக் குறைத்துவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: வகுப்பில் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இஷ்டம். மாமாவிடம் போவதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வகுப்பில் பயிற்சி கிடைக்கும். உங்கள் தம்பியிடம் கிடைப்பது வேறு சரக்கு. ஒரு பெரிய மனுஷர், யாரும் கேட்காமலே, மணிக்கணக்கில் ஒரு தாளோடு மல்லுக்கட்டுவதை அவள் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள். படம் சொதப்பினால் மாமா அலுத்துக்கொள்வார், அப்புறம் அடுத்த தாளை எடுப்பார். பெரியவர்களுக்கும் படம் கெட்டுப்போகும் என்று 10 வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை, 13 வயதில் ‘எனக்கு வரைய வராது’ என்று தூரிகையைத் தூக்கிப் போடாது. பெரும்பாலானவர்கள் வரைவதை விட்டுவிடுவது அந்த வயதில்தான்.

‘முறையாகச் சொல்லித்தருவதில்லை’ என்கிறீர்களே, ஒருநாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தூரிகையைத் தண்ணீர்க் குவளைக்குள் தலைகீழாக நிற்க வைத்தால் முடி வளைந்துவிடும். நீர்வண்ணம் ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் வெளிறிவிடும். அதனால் கண்ணுக்குப் போதும் என்று தோன்றுவதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே போட வேண்டும். மேகத்துக்குச் சாம்பல் நிறம் வேண்டுமானால் கறுப்பைத் தொடவே வேண்டாம், அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா பழுப்பைக் கலந்தாலே வந்துவிடும். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடலாம். இதில் பாதி உங்கள் மகளுக்கு இந்நேரம் கைவந்திருக்கும். கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே பாடம் எடுப்பாள்.

தாய்மாமன் விஷயத்தில் ஓவிய வரலாறும் உங்கள் தம்பி பக்கம்தான். 1848-இல் பிறந்த ரவி வர்மா சிறுவனாகச் சுவரில் கரியால் வரைந்து தள்ளியபோது, அதைக் குறும்பு என்று ஒதுக்காமல் கற்றுக்கொடுத்தவர் மாமா ராஜ ராஜ வர்மா. அவரும் ஓவியர். 14 வயதில் மருமகனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப்போனதும் அவர்தான். ஓவியர் அம்ரிதா ஷெர்கிலுக்கு வாய்த்த மாமா ஹங்கேரிக்காரர் எர்வின் பக்தாய். ஓவியம் படித்து, பிறகு இந்தியவியல் பக்கம் போனவர். 1920களில் சிம்லாவுக்கு வந்தவர், அக்கா மகளின் படங்களைப் பார்த்துவிட்டு, ஆட்களை எதிரே உட்கார வைத்து வரையச் சொன்னார். வீட்டில் வேலை செய்தவர்களே மாடல்கள் ஆனார்கள். 1930களில் மலைநாட்டுப் பெண்களையும் கிராமத்து மனிதர்களையும் அம்ரிதா வரைந்த படங்களைப் பார்க்கும்போது, அந்த ஒற்றை யோசனை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தோன்றும்.

அப்பாவிடமே கற்றுப் பெரிய ஆளானவர்கள் இல்லையா என்றால், பிக்காசோ இருக்கிறார். ஆனால் அவர் அப்பாவுக்கு ஓவிய ஆசிரியர் வேலை. அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிடுங்கள். மற்ற வீடுகளில் பெற்றோருக்கு ரிசல்ட் வேண்டும். மாமாவுக்கு, சித்திக்கு, பாட்டிக்கு அந்த அவசரம் கிடையாது. அவர்களுடைய பலமே அதுதான்.

இந்தத் தொற்றுக்கு வயதுகூடக் கிடையாது. 1915-இல் பதவி பறிபோய் மனம் உடைந்து கிடந்த சர்ச்சிலுக்கு அப்போது 40 வயது. தம்பி மனைவி க்வெண்டலின் தோட்டத்தில் வரைந்துகொண்டிருப்பதை வேடிக்கை பார்த்தவரிடம், குழந்தைகளின் வண்ணப்பெட்டி நீட்டப்பட்டது. அப்புறம் வாழ்நாளில் 500-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். (அவருடைய அரசியலைப் பற்றிக் கேட்டால் என் பதில் இவ்வளவு இனிமையாக இருக்காது.) அவருக்குத் திறமை இருக்கிறதா என்று அந்த அம்மாள் முதலில் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆகவே திறமைக் கேள்வியைத் தம்பியிடம் இன்னொரு முறை கேட்காதீர்கள். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் அன்றோடு மாமா போய்ப் பரீட்சை அதிகாரி வந்துவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் படத்தை நீட்டி ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பதையும், அவளாகக் கேட்காதபோது போட்டிகளில் பெயர் கொடுப்பதையும் தள்ளிவையுங்கள். தம்பியிடம் ஒன்றே ஒன்று சொல்லலாம்: அவள் தாளில் அவர் தூரிகை படக் கூடாது. திருத்திக் காட்ட வேண்டுமானால் தன் தாளில் வரைந்து காட்டட்டும். பெரியவரின் கை பட்டுப் ‘பிரமாதமாக’ முடிந்த படத்தைப் பிள்ளைகள் அப்புறம் தன்னுடையது என்று சொல்ல மாட்டார்கள்.

வகுப்பு பற்றி: உருவ அளவும் தூரக்காட்சியும் (தொலைவில் இருப்பதைச் சிறிதாகக் காட்டும் வித்தை) பிடிபடாமல் அவளே தவிக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்குச் சேருங்கள், ஆசிரியர் சொல்வது காதில் ஏறும். அதுவரை கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள நீர்வண்ணத் தாள் வாங்கிக்கொடுங்கள். சாதாரண நோட்டுத் தாள் ஈரம் பட்டதும் அலையலையாகச் சுருங்கும். பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். அப்படியே தம்பிக்கும் ஒரு கட்டு வாங்கிவிடுங்கள். அவருடைய தாளில் பாதியை உங்கள் மகள்தான் தீர்த்திருப்பாள்.