டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: ஊர்த் திருவிழாவில் நடந்த நாடகங்களை அப்பா அந்தக் காலத்தில் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். பரணில் கிடந்த டேப் ரெக்கார்டரை எடுத்துப் போட்டால் குரல் இழுத்து இழுத்து வருகிறது. சற்று நேரத்தில் நாடாவும் உள்ளே சிக்கிக்கொள்கிறது. மோட்டார் போய்விட்டது என்கிறார்கள். சரிசெய்ய முடியுமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: முடியும். ஆனால் வேலை முடிகிற வரை அப்பாவின் கேசட்டை அந்த மெஷினில் போடவே போடாதீர்கள். வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை வைத்துச் சோதியுங்கள்.

நாடாவை இழுப்பது கேசட்டின் சக்கரங்கள் அல்ல. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய இரும்பு அச்சு சுழலும். அதன்மேல் கறுப்பு ரப்பர் ரோலர் வந்து அழுத்தும். இரண்டுக்கும் நடுவில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் போகும். வருகிற நாடாவை வாங்கிச் சுற்றிக்கொள்வது வலதுபக்கச் சக்கரம். அது சோர்ந்துவிட்டால் நாடா போக வழியில்லாமல் ரோலரிலேயே சுற்றிக்கொள்ளும். குரல் இழுப்பதும் சேர்ந்திருப்பதால், எனக்கு மோட்டாரைவிட, அதன் சுழற்சியை இவற்றுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் மேல்தான் சந்தேகம்.

கேசட் இல்லாமல் மூடியைத் திறந்து பிளே பட்டனை அழுத்துங்கள். கேசட்டின் வலதுபக்கச் சக்கரத்தைச் சுழற்றும் பல்லை விரலால் லேசாகப் பிடியுங்கள். நல்ல மெஷினில் விரலை இழுக்கிற விசை தெரியும், விட்டதும் உடனே சுற்றும். தொட்டதுமே துவண்டு நின்றால் பெல்ட் தளர்ந்துவிட்டது. நாடா முடிந்ததும் தானாக நிற்கும் ஆட்டோ ஸ்டாப் உள்ள மாடலில் பட்டன் தானாக எழும்பினால் பயப்பட வேண்டாம்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றுங்கள். பெல்ட் எப்படிப் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் பரணில் கிடந்த ரப்பர் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கலாம். இந்தப் பிசினைத் துடைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, மோட்டாரில் பெல்ட் மாட்டும் சின்னச் சக்கரமான புல்லியின் பள்ளம் வரை, பஞ்சு வெள்ளையாக வருகிற வரை துடையுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புதுப் பெல்ட் வழுக்கும். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கை அரித்துவிடும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அது பெல்ட்டில் பட்டால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

பழைய பெல்ட் முழுசாக இருந்தால் அதையே கொண்டுபோய் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஸ்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பழையது நீண்டிருக்கும், அதனால் சற்றுச் சின்னதாக வாங்க வேண்டும். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டார் திணறும். ரப்பர் ரோலரையும் துடையுங்கள். வெடிப்போ பள்ளமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் வேகம் சரியில்லை என்றால் மட்டும், மோட்டாரின் பின்னால் சின்ன ஓட்டைக்குள் திருகு இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் வேகத்தை அங்கேதான் மாற்றுவார்கள். பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, தெரிந்த பாட்டை ஓடவிட்டு, மயிரிழை அளவு திருப்புங்கள்.

அப்புறம் அப்பாவின் கேசட். உள்ளே நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுப் பட்டை உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கும், அதை முதலில் ஒட்டுங்கள். பிளே போடும் முன் பென்சிலால் முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்கச் சுற்றுங்கள். சி-60, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும் நாடா, சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. அதனால் சி-120 இருந்தால் அதைக் கடைசியாக எடுங்கள். இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு வயர் கொடுத்து, முதல் தடவை ஓடும்போதே பதிவு செய்துவிடுங்கள்.